மாமனார் வாய் திறந்த உயரம்

அன்னைக்கு வேலை ஒண்ணே ஒண்ணுதான். மதுரை தமுக்கம் மைதானத்துல பொருட்காட்சி போட்டிருந்தாங்க. அங்கே போய் என் மாமியாருக்கு ஒரு பித்தளை இடியாப்ப உரல் வாங்கிட்டு வரணும்.

போன வாரம் நான் பேத்தியோட தீம் பார்க்ல தலைகீழாத் தொங்குற போட்டோவைப் போட்டதும், "சார், இந்த வயசுல இது தேவையா?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. தேவைதான். எங்க குடும்பமே ராட்டினப் பைத்தியம். அந்தப் பைத்தியம் பிடிச்ச நாளைத்தான் சொல்ல வந்தேன்.

எண்பதுகளோட ஆரம்பம். எனக்கும் செல்விக்கும் கல்யாணமாகி நாலு மாசம். சித்திரைத் திருவிழாவுக்கு விருந்தாளியா திருநகர்ல இருந்த மாமனார் வீட்டுக்கு வந்திருந்தோம். நான் ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியார். மாமா தாலுகா ஆபீஸ் ஹெட் கிளார்க். ஆபீஸ்ல அவர் தொண்டையைக் கனைச்சா பக்கத்து ரூம்ல டைப் அடிக்கிற சத்தம் நின்னுடும்னு சொல்வாங்க.

அந்த மனுசன் நாலு மாசத்துல என்கிட்ட ஒரு வார்த்தை நேரா பேசினதில்ல.

சண்டையெல்லாம் இல்ல. அவங்க குடும்பத்துல புது மாப்பிள்ளைகிட்ட மாமனார் எடுத்ததும் நேரா பேசமாட்டாராம், அது மரியாதையாம். நான் எதிர்லயே உட்கார்ந்திருப்பேன். அவர் சுவரைப் பார்த்துக்கிட்டு, "செல்வி, மாப்ள காபி குடிச்சாரான்னு கேளு"ம்பார். செல்வி என் பக்கம் திரும்பி, "காபி குடிச்சீங்களா?"ம்பா. நான், "குடிச்சேன்"பேன். அவ அந்தப் பக்கம் திரும்பி, "குடிச்சாராம்பா"ம்பா. மூணு பேருக்கும் நடுவுல இருக்கிற இடம் மொத்தமே நாலடி.

மரியாதைன்னா சரி. ஆனா எனக்கு முன்னாடி செல்விக்கு ஒரு பேங்க் ஆபீசர் வரன் வந்திருந்துச்சுன்னும், மாமியார்தான் வாத்தியார் போதும்னு சொன்னாங்கன்னும் யாரோ புண்ணியவான் என் காதுல போட்டிருந்தான். அதுல இருந்து எனக்கு ஒரே குடைச்சல். இந்த மனுசனுக்கு என்னைப் பிடிச்சிருக்கா, இல்ல மரியாதைங்கிற பேர்ல ஒதுக்கி வெச்சிருக்காரா? செல்விகிட்ட கேட்டா, "எங்க அப்பா அப்படித்தான். இன்னைக்கு வெளிய ஒண்ணாப் போறோம்ல, ஒரு நல்ல பேர் வாங்கிருங்க"ன்னா.

வாங்கித்தான் தீரணும்னு பட்டு வேட்டி கட்டிக்கிட்டுக் கிளம்பினேன். டவுன் பஸ்ல நெரிபட்டு இறங்கினப்ப அது பட்டு மாதிரியே தெரியல.

உரல் வாங்குறதுல ஒரு கஷ்டமும் இல்ல. மாமா நாலு உரலைத் தூக்கிப் பார்த்தார், அதுல கனமானதை எடுத்தார், மஞ்சப் பையில போட்டார். அப்படியே திரும்பியிருந்தா இந்தக் கதையே இல்ல. செல்விதான் டெல்லி அப்பளம் வேணும்னா. அப்பளக் கடைக்குப் பக்கத்துலதான் அந்த ராட்டினம் நின்னுச்சு.

எனக்கு உயரம்னா ஆகாது. கிளாஸ்ல மேல் அலமாரியில இருக்கிற குடுவையைக்கூட பசங்களை விட்டுத்தான் எடுக்கச் சொல்வேன். இந்த விசயம் செல்விக்குக்கூடத் தெரியாது. அதனால ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தவன் பார்த்தபடி நின்னுட்டேன். ஆணி எங்கே, அச்சு எங்கே, எந்த போல்ட் கழண்டா எந்தப் பெட்டி முதல்ல விழும்னு மனசு கணக்குப் போட்டுக்கிட்டிருந்துச்சு. பாதி கடிச்ச அப்பளம் கையில அப்படியே இருந்துச்சு.

மாமா இதைக் கவனிச்சிட்டார்.

"செல்வி, மாப்ள ராட்டினத்தையே பாக்குறாரு. ஆசையா இருக்கும் போல. ஏறச் சொல்லு."

"அப்பா ஏறச் சொல்றாரு"ன்னா செல்வி.

வேணாம்னு சொன்னா பயந்தாங்கொள்ளி. மாமனார் ஆசையாச் சொன்னதை மறுத்த பேரும் வரும். நயமா நழுவலாம்னு, "மாமாவைத் தனியா நிக்க வெச்சிட்டு நாம மட்டும் ஏறுறது நல்லாவா இருக்கும்னு சொல்லு"ன்னேன்.

செல்வி சொன்னா. மாமா மீசையைத் தடவினார். முகம் லேசா வெளுத்துச்சு. வெயில்னு நினைச்சுக்கிட்டேன்.

"மாப்ள இம்புட்டு பிரியமாக் கூப்பிடுறப்ப வரலைன்னா மரியாதையா இருக்காது. நானும் வாரேன்னு சொல்லு."

என் வாயால நானே கெட்டேன்.

வரிசையில நின்னோம். டிக்கெட் கிழிக்கிறவர், "பொம்பளைக முதல்ல ஏறுங்க. ஆம்பளைக தனிப் பெட்டி"ன்னார். ஒரு பெட்டிக்கு ரெண்டு பேர், எதிரெதிரா. செல்வி யாரோ ஒரு காலேஜ் பொண்ணோட சிரிச்சுக்கிட்டே ஏறிட்டா. ஒவ்வொரு பெட்டியா நிரப்பிக்கிட்டே சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளினாங்க. எங்க முறை வந்தப்ப செல்வி உச்சியைக் கொஞ்சம் தாண்டியிருந்தா.

நானும் மாமாவும் முட்டியோட முட்டி இடிக்க உட்கார்ந்தோம். உரல் பையை அவர் ரெண்டு கையாலயும் மடியில அணைச்சிருந்தார். நடுவுல சொல்றதுக்கு ஆள் இல்லைங்கிறது அப்பத்தான் எங்க ரெண்டு பேருக்கும் உறைச்சது.

பெட்டி ஓரடி ஏறி நின்னு ஆடுச்சு. மாமா என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். அப்புறம் அண்ணாந்து ஆபீஸ் குரல்ல ஒரே கத்து.

"செல்வீ! மாப்ளைக்குப் பயமா இருக்கான்னு கேளு!"

மேல இருந்த செல்விக்கு அது கேக்கல. எங்களுக்கு முந்தின பெட்டியில தோள்ல துண்டு போட்ட ஒருத்தர் எட்டிப் பார்த்து, "என்னண்ணே?"ன்னார்.

"மேல எம் மக இருக்கா. மாப்ளைக்குப் பயமா இருக்கான்னு கேக்கச் சொல்லணும்."

"மாப்ள எங்க?"

மாமா தாடையால என்னைக் காட்டினார்.

துண்டுக்காரர் கொஞ்ச நேரம் எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மதுரைக்காரர் இல்லையா, ஏன் எதுக்குன்னு கேட்காம உதவியில இறங்கிட்டார். அவருக்கு மேல் பெட்டிக்குச் சொன்னார், அவங்க அதுக்கு மேல சொன்னாங்க. கேள்வி எங்க கண்ணு முன்னாடியே பெட்டி பெட்டியா ஏறிப் போச்சு. செல்வி குனிஞ்சு பார்த்து அங்கிருந்து கத்தினா.

"ஏங்க, அப்பா கேக்குறாரு. பயமா இருக்கா?"

"இல்லைன்னு சொல்லு!"ன்னு நான் கத்தினேன். அதுவும் அதே வழியா மேல போய், "இல்லையாம்பா!"னு இறங்கி வந்துச்சு. கடைசியா துண்டுக்காரர் மாமாவைப் பார்த்து, "இல்லையாம்ணே"ன்னு பணிவாச் சொன்னார். கீழே வரிசையில நின்ன கூட்டம் டிக்கெட் எடுக்காமலேயே வேடிக்கை பார்த்துச்சு.

அப்புறம் மோட்டாரைப் போட்டுட்டாங்க.

அந்த அஞ்சு நிமிசத்தைப் பத்தி எனக்கு அதிகம் தெரியாது, கண்ணை மூடியிருந்தேன். வேட்டி முகத்துல அடிச்சது தெரியும். மேல இருந்து சர்ருன்னு இறங்குறப்ப சாப்பிட்ட அப்பளம் திரும்பி வரப் பார்த்ததும் தெரியும். வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். நடுவுல ஒரு தடவை கண்ணைத் திறந்தப்ப மாமாவோட வலது கால் செருப்பு தனியா அப்பளக் கடைக் கூரையை நோக்கிப் போய்க்கிட்டிருந்துச்சு.

சுத்தி முடிஞ்சு, ஒவ்வொரு பெட்டியா இறக்க ஆரம்பிச்சாங்க. எங்க பெட்டி உச்சிக்கு வந்தப்ப சக்கரம் நின்னுச்சு. கீழே ஒரு குட்டிப் பொண்ணு இறங்க மாட்டேன்னு கம்பியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுகுறா. அவங்க அம்மா கெஞ்சுறாங்க. செல்வி இறங்கி எங்கேயோ கூட்டத்துல கலந்துட்டா. துண்டுக்காரர் கண்ணை மூடி அவர் குலசாமிகிட்ட பேசிக்கிட்டிருந்தார். நாங்க ரெண்டு பேரும் மதுரைக்கு மேல தனியா ஆடிக்கிட்டிருந்தோம்.

 மாமா மடியில இருந்த உரல் மெல்ல நழுவுச்சு. அந்தக் கனத்துக்கு அது கீழே போனா யார் தலையில விழும்னு நான் கணக்குப் போடுறதுக்குள்ள, அவர் என்னை நேரா, கண்ணுக்குக் கண்ணு பார்த்தார்.

"மாப்ள, இந்தப் பையைக் கொஞ்சம் பிடிங்க."

நான் பிடிச்சேன். அவர் ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"எனக்கு உயரம்னா ஆகாது மாப்ள."

"எனக்கும் ஆகாது மாமா."

"பெறகு எதுக்கு ஏறுனீக?"

"நீங்க சொன்னீங்கன்னு ஏறினேன். நீங்க எதுக்கு ஏறினீங்க?"

"நீங்க கூப்பிட்டீகன்னு."

கீழே அந்தப் பொண்ணு இன்னும் அழுதுக்கிட்டிருந்தா. நல்லா அழும்மான்னு நினைச்சேன். மனசுல இருந்ததை அப்பவே கேட்டுட்டேன். "மாமா, என்னைப் பிடிக்காமத்தான் நேரா பேசலையா?"

மாமா பதறிப்போயிட்டார். "அய்யய்ய, என்ன மாப்ள இப்பிடிக் கேட்டுட்டீக. மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்க சயின்ஸ் படிச்சவுக. நான் எஸ்எஸ்எல்சி. உங்ககிட்ட என்னத்தப் பேசுறதுன்னு எனக்குத் தெரியல. தெனமும் ராத்திரி யோசிப்பேன், நாளைக்கு இதைப் பேசணும், அதைப் பேசணும்னு. காலையில உங்களைப் பாத்தா காபியைத் தவிர ஒண்ணும் ஞாபகத்துக்கு வராது."

நானும் அவர் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். 

அப்புறம் அவர் பேசினார் பாருங்க. நாலு மாசப் பேச்சு. எங்க ஸ்கூல்ல எத்தனை பசங்க, மழை ஏன் சாய்வாப் பெய்யுது, செல்வி சின்னதுல எம்புட்டு பிடிவாதம், அந்தப் பேங்க் ஆபீசர் சாப்பிடுறப்ப உறிஞ்சுற சத்தம் தாங்காம அவரை வேணாம்னு சொன்னதே இவர்தான்னு எல்லாம் வந்துச்சு. நான் பையை அணைச்சுக்கிட்டு தலையாட்டிக்கிட்டே இருந்தேன். இவ்வளவு சந்தோசமாப் பயந்தது அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல.

கீழே இறங்கினோம். செல்வி ஓடி வந்தா. மாமா ஒத்தைச் செருப்போட தரையில நின்னார். என்னைப் பார்த்தார். மீசையைத் தடவினார். பார்வை மெல்ல நகர்ந்து அப்பளக் கடைப் போர்டுக்குப் போயிருச்சு.

"செல்வி, மாப்ளைக்குத் தண்ணி வேணுமான்னு கேளு."

எனக்குப் பொசுக்குன்னு ஆயிருச்சு. அவ்வளவுதானான்னு நின்னேன். தண்ணி வாங்க ரெண்டடி வெச்ச மனுசன் நின்னார். திரும்பி ராட்டினத்தைப் பார்த்தார். அந்த முகத்துல பயமும் இருந்துச்சு, இன்னும் பேச வேண்டியது பாக்கி இருக்கிறதும் தெரிஞ்சுச்சு.

"செல்வி, மாப்ள இன்னொரு சுத்து வருவாரான்னு கேளு."

"வருவேன்னு சொல்லு"ன்னேன்.

அன்னைக்கு ஆறு சுத்து போனோம். கடைசி ரெண்டு சுத்துக்கு டிக்கெட் கிழிக்கிறவரே எங்களைக் கூப்பிட்டு, உச்சியில கொஞ்சம் கூடுதலா நிறுத்தி வெச்சார். செல்வி கீழே ஒரு உரலையும் ஒத்தைச் செருப்பையும் வெச்சுக்கிட்டு நின்னா. வீட்டுக்கு வந்தப்ப மாமியார், "ஒரு உரல் வாங்க இம்புட்டு நேரமா?"ன்னாங்க. உரலுக்குள்ள போடுற ஓட்டை வெச்ச அச்சுத் தட்டை வாங்காம வந்துட்டோம்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு. அன்னைக்கு ராத்திரி உப்புமா.

அதுக்கப்புறம் மாமா இருந்த வரைக்கும் இதுதான் வழக்கம். தரையில செல்வி வழியா, மேல நேரா. வண்டியூர்ல தெப்பத் திருவிழா, பக்கத்து ஊர்ல பொங்கல்னு எங்கே ராட்டினம் போட்டாலும், "மாப்ளைக்கு சோலி இருக்கான்னு கேளு"ம்பார். பின்னாளில ஊருக்கு ஊர் தீம் பார்க் வந்தப்ப, எழுபது தாண்டின வயசுல புது பேன்ட் தைச்சுக் கிளம்பினவரும் அவர்தான். பிள்ளைகளுக்குப் பேர் வெச்சது, நிலம் வாங்கினது, வீடு கட்டினது, எங்க மக கல்யாணம், எல்லாமே உச்சியில பேசி முடிச்சதுதான். எங்க மாப்ள ஒரு மறுபேச்சு பேசமாட்டார்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். அந்த உயரத்துல என் வாயில "சரி மாமா"வைத் தவிர வேற எதுவும் வராதுங்கிறதை நான் அவர்கிட்ட கடைசி வரைக்கும் சொல்லல.

எங்க வீட்டுக்குச் சாயங்காலம் வர்றவங்க, வெயில் நேரா முகத்துல அடிக்குதே, ஏன் சார் மேற்கே பார்த்து வாசல் வெச்சீங்கன்னு கேட்பாங்க.

அதை முடிவு பண்ணினப்ப நான் கண்ணை மூடியிருந்தேன்.