சுழிப்பிழை சாரும் ஐந்து புன்னைக்காய்களும்

குமரி மாவட்டத்தில் யாரையுமே நம்பாமல், எல்லாருடைய நம்பிக்கையையும் சம்பாதித்த ஒரே மனிதர் சுழிப்பிழை சார்தான். அவர் நம்பாதவற்றின் பட்டியலில் வடசேரி பஸ் நிலையக் கடிகாரம், மருந்துக்கடை எடை இயந்திரம், வானிலை அறிக்கை, என் கையெழுத்து எல்லாம் உண்டு. பட்டியலில் முதல் இடம் அவருக்கே. "எனக்க கண்ணு இடப்பக்கமாட்டு கொஞ்சம் கூட்டிக் காட்டும் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் எதையும் பார்ப்பார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. இயற்பியல் வாத்தியார். ஐந்தடி உயரம். அந்த ஐந்தடியையும் மூன்று தடவை அளந்து சராசரி எடுத்துச் சொல்வார்.

பட்டப்பெயருக்கு விளக்கம் வேண்டும். கம்பியின் தடிமனை அளக்கத் திருகு அளவி என்று ஒரு கருவி ஆய்வகத்தில் இருக்கும். சில திருகு அளவிகள், நடுவில் எதையும் வைக்காமல் மூடினாலே இரண்டு கோடு காட்டும். ஒன்றும் இல்லாதபோதே ஏதோ இருப்பதாகக் காட்டும் அந்த இரண்டு கோட்டுக்குப் பெயர் சுழிப்பிழை. அதை முதலிலேயே கண்டுபிடித்து, அளந்து முடித்த பிறகு கழித்துவிட வேண்டும். இதைப் பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துபோனவர்கள் நாங்கள். சார் இதை வைத்தே வாழ்ந்தார்.

செய்முறைத் தேர்வில் நான் எழுதிய அளவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "லே மக்கா, கருவியில ஒரு குத்தமும் இல்ல. உனக்குத்தான் சுழிப்பிழை. உள்ளதுக்கு மேல ரெண்டு கோடு கூட்டித்தான் உனக்கு வரும். சயன்ஸ் உனக்கு வேண்டாம், பத்திரிகைக்குப் போ."

போனேன். இன்றுவரை அந்த இரண்டு கோட்டில்தான் பிழைக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு வடசேரியில் ஒரு டீக்கடையில் தினமும் உட்காருவார். அங்கே இரண்டு கட்சிக்காரர்கள் விடிந்ததும் தொண்டை கிழியக் கத்துவார்கள். சார் நடுவில் புகுந்து ஒரே கேள்விதான் கேட்பார்: "ஓய், அவனுக்க கட்சியப் பத்திப் பொறவு பேசலாம். மொதல்ல உமக்க கட்சி செய்த தப்பு ஒண்ணு சொல்லும். ஒண்ணே ஒண்ணு." அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட ஒரு தப்பைச் சொல்லவில்லை. இரண்டு கட்சியும் அவரை எதிர்க்கட்சி ஆள் என்று முடிவு கட்டியதுதான் மிச்சம்.

வாத்தியாராக இருந்த காலத்தில் தேர்தல் வேலைக்கு அவரைப் போட்டால் ஏஜெண்டுகள் அழுவார்கள். வாக்குப்பதிவு தொடங்குமுன் இயந்திரத்தில் மாதிரிக்குச் சில ஓட்டுகள் போட்டுக் காட்டி, பிறகு அவற்றை அழித்துப் பூஜ்யமாக்குவது வழக்கம். திற்பரப்புப் பக்கம் ஒரு சாவடியில் சார் தலைமை அலுவலராக இருந்தபோது, நாலரை மணிக்கே ஏஜெண்டுகளை எழுப்பி உட்கார வைத்து, மாதிரி ஓட்டை மட்டும் முந்நூறு போட வைத்தார். ஒரு ஏஜெண்ட், "சாரே, நான் எனக்க வாழ்நாள்ல போட வேண்டிய ஓட்டெல்லாம் இன்னைக்கே போட்டாச்சு. வீட்டுக்குப் போகட்டா?" என்று கெஞ்சினாராம். கடைசியில் பொத்தானை அமுக்கி, திரையில் பூஜ்யம் வந்ததும், சார் கைகூப்பி ஜெபம் செய்திருக்கிறார். "பூஜ்யத்தில இருந்து தொடங்குத யோக்கியதை ஆண்டவரே, இந்த மெஷினுக்குக் குடுத்தீரு. எங்களுக்கும் தாரும்."

ஆம், சார் பெரிய விசுவாசி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராத நாள் கிடையாது. விஞ்ஞானத்தையும் வேதத்தையும் எப்படி ஒரே சட்டைப்பையில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு அவர் வைத்திருந்த பதில் ஒருமுறை பிரசங்கமாகவே வெளிவந்தது. போதகருக்குக் காய்ச்சல் என்று சாரை நிற்க வைத்துவிட்டார்கள். "ஜென்ம பாவம், ஜென்ம பாவம்னு சொல்லுதோமே, அது என்னது? சுழிப்பிழை. ஒண்ணும் செய்யாதப்பமே நமக்க கருவியில ரெண்டு கோடு கெடக்கு. அதுக்காக ஆண்டவர் கருவியத் தூக்கி எறியல்ல. பிழை எவ்வளவுன்னு அவருக்குத் தெரியும். கழிச்சுக்கிடுவாரு. அதுக்குப் பேருதான் மன்னிப்பு. மனசிலாச்சா?"

காய்ச்சல் தெளிந்த போதகர் அடுத்த மூன்று மாதம் சாரைப் பிரசங்க மேடைப் பக்கமே விடவில்லை.

எங்கள் ஊர் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில். ஆடி மாதக் காற்றில் காற்றாலை சுற்றுகிறதோ இல்லையோ, எங்கள் சபையில் தேர்தல் வந்தால் தலைகள் சுற்றும். சபைக்குள் இரண்டு அணி. ஒன்று ஐக்கிய அணி, இன்னொன்று சமாதான அணி. மணிக்கூண்டுக்கு வெள்ளை அடிப்பதா சந்தன நிறம் அடிப்பதா என்று தொடங்கிய கருத்து வேறுபாடு இது. மணிக்கூண்டு இன்றுவரை பாசி நிறத்தில்தான் இருக்கிறது. ஐக்கிய அணிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமாதான அணிக்காரர் போவதில்லை. இரண்டு அணியும் ஒரே பாட்டுப் புத்தகத்தில் ஒரே பாட்டை வெவ்வேறு வேகத்தில் பாடும். நான் ஐக்கிய அணி. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அப்பா அந்த அணி.

முந்தைய தேர்தலில் ஓட்டு எண்ணும்போது கைகலப்பாகி, அதிகாரிகள் வந்து சபையின் கோயிலைப் பூட்டி சீல் வைத்தார்கள். பதினொரு மாதம். எங்களுக்கெல்லாம் அது ஒரு வழக்கு. சாருக்கு அப்படி இல்லை. அவர் மனைவி ரஞ்சிதம் டீச்சரின் கல்லறை கோயிலுக்குப் பின்னால், அதே மதிலுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து அங்கே பத்து நிமிஷம் நிற்பார். வெளிக் கேட்டைப் பூட்டிய அந்தப் பதினொரு மாதமும், பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட ஒரு ஆய்வக ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து, தெருப்பக்கம் போட்டு, மேலே ஏறி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஐந்தடி ஆளுக்கு ஆறடி மதில். ஊரே சிரித்தது. நானும்தான்.

அதனால் இந்த முறை இரண்டு அணியும் சேர்ந்து அவரைத் தேர்தல் அதிகாரியாக இருக்கச் சொன்னபோது அவர் ஒரே நிபந்தனைதான் வைத்தார். "யாரு வேணும்னாலும் ஜெயிச்சுக்கிடுங்க. கேட்டு மட்டும் பூட்டப்படாது."

எல்லாரும் வேதத்தின் மேல் கை வைத்து ஒத்துக்கொண்டோம்.

தேர்தல் ஒழுங்காகவே நடந்தது. செயலாளர் பதவிக்கு மட்டும் இரண்டு அணிக்கும் சரிசமமான ஓட்டு. அப்படியானால் திருவுளச்சீட்டுப் போட வேண்டும் என்பது சபை விதி. அடுத்த ஞாயிறு மத்தியானம் என்று சார் நாள் குறித்தார். காகிதச் சீட்டு வேண்டாம், மடிப்பைக் கையால் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லி, இரண்டு புன்னைக்காயை எடுத்து, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஒரே எடைக்குக் கொண்டுவந்தார். ஐக்கியத்துக்கு நீலம், சமாதானத்துக்குச் சிவப்பு. இரண்டையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, போதகர் பார்க்காமல் ஒன்றை எடுப்பார்; வருகிற நிறத்துக்குப் பதவி. சிவப்புப் பெயிண்ட் கனம் கூடுதல் என்று நீலத்துக்கு இன்னொரு பூச்சு. யாரும் வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு வாரம் பகலில் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கோயில் வாசலில் வைத்தார்.

சமாதான அணித் தலைவர் ஒரு வக்கீல். அவர் கேட்டார்: "சாரே, ஒரு சந்தேகம். டப்பாவுக்குள்ள இருந்து வாறது ஆண்டவருக்க சித்தமா, இல்ல வெறும் கணக்கா?"

"குலுக்குத வேலை நமக்கு. டப்பாவில ஒரு சாய்வு இருந்தா, வாறது நமக்க சித்தம். சாய்வே இல்லன்னாத்தான் அவருக்க சித்தத்துக்கு எடம் உண்டு" என்றார் சார்.

அந்தச் சாய்வு இருக்கிறதா என்று பார்க்கத்தான் சார் ராத்திரியில் காய்களையும் டப்பாவையும் வீட்டுக்கு எடுத்துப்போய் உட்கார்ந்து, கண்ணை மூடி, நூறு தடவை காய் எடுத்து நோட்டில் குறித்தார். சாவடியில் போட்ட மாதிரி ஓட்டுப் போல. சனிக்கிழமை நான் போனபோது காட்டினார். நீலம் ஐம்பத்து மூன்று, சிவப்பு நாற்பத்தேழு.

"கொள்ளாம் மக்கா, சுத்தமான டப்பா. ரெண்டு மூணு அங்ஙன இங்ஙன இருக்கத்தான் செய்யும்."

அவர் காப்பி போட உள்ளே போனார். நான் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எங்கள் அணியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "சோதனையில் நமக்கு 53!" என்று எழுதி, ஒரு கட்டைவிரல் படமும் சேர்த்தேன். தமாஷாகத்தான் போட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

காப்பி ஆறுவதற்குள் அது ஊரைச் சுற்றிவிட்டது. எங்கள் ஆட்கள், "ஆண்டவர் நூறு தடவை சொல்லியாச்சு, இனி எதுக்குவே குலுக்கல்?" என்றார்கள். சமாதானத்தார், "டப்பா ஐக்கியத்துக்குச் சாயுது" என்றார்கள். இயந்திரமாக இருந்தால் ஒரு பொத்தானை அமுக்கிப் பூஜ்யம் ஆக்கியிருக்கலாம்.

ஞாயிறு மத்தியானம். காற்று காயைத் தள்ளிவிடும் என்று ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தது. மின்விசிறியும் கிடையாது. முந்நூறு பேர் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தோம். போதகர் சட்டைக் கையைச் சுருட்டி டப்பாவுக்குள் கையை விடப்போனார். வக்கீல் எழுந்தார். கையில் அந்த நோட்டுப் பக்கத்தின் கலர் பிரிண்ட்.

"இதுக்கு என்ன சமாதானம் சொல்லுதீரு?"

சமாதான அணியே சமாதானம் கேட்டால் யார் சொல்வது? எங்கள் பக்கம் ஒருவர் பெஞ்சு மேல் ஏறினார். அவர்கள் பக்கம் ஒருவர் டப்பாவை எத்தினார். காய்கள் பெஞ்சுகளுக்கு அடியில் உருண்டு ஓடின. "யாரும் அசையப்படாது!" என்று சார் கத்திக்கொண்டே தரையில் தவழ்ந்தார். நாங்களும் தவழ்ந்தோம். உருண்டது இரண்டு காய். கிடைத்தது ஐந்து.

சிவப்பு இரண்டு, நீலம் மூன்று. வாசலில் ஒரு வாரம் பார்வைக்கு இருந்ததை எல்லாரும் பார்த்த லட்சணம் அதுதான். சமாதான அணி ஒரு கள்ளக்காய் கொண்டுவந்திருந்தது. ஐக்கிய அணி இரண்டு. எங்கள் அணிக்குள்ளேயே இரண்டு அணி இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

சார் பையிலிருந்து சின்னத் தராசை எடுத்து, தரையிலேயே உட்கார்ந்து, ஐந்தையும் ஒவ்வொன்றாக நிறுத்து, அசல் இரண்டைக் கண்டுபிடித்துவிட்டார். நிமிர்ந்து, "கிட்டியாச்சு! இது ரெண்டும்தான்!" என்று சந்தோஷமாகக் கையைத் தூக்கினார். அதைப் பார்க்க ஒருவர்கூட இல்லை. எல்லாரும் வெளியே முற்றத்தில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் கேட் பூட்டப்பட்டது.

வழக்கில் முதல் சான்று சாருடைய நோட்டு. கூண்டில் ஏற்றி வக்கீல் கேட்டார்: "ஐம்பத்து மூன்று, நாற்பத்தேழைவிடப் பெரியதா, இல்லையா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று சொல்லுங்கள்."

"பெருசுதான். ஆனா..."

"அவ்வளவுதான், இறங்கலாம்."

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் இருந்ததைச் சொல்லத்தான் மனுஷன் நாற்பது வருஷம் பாடம் நடத்தினார். அதைக் கேட்க இந்த ஊரில் யாருக்கும் பொறுமை இல்லை. இனி வரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. இரண்டு வருஷம் ஆகிறது. ஐக்கியம் ஒரு பந்தலில், சமாதானம் ஒரு பந்தலில், ஒலிபெருக்கிகள் எதிரெதிரே. பூட்டு துருவேறிவிட்டது. சாருக்கு எண்பத்தொன்று. மறுபடியும் ஸ்டூல்.

அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பிடித்துக்கொள்ள நான் போகிறேன். மேலே ஏறி, மதிலில் தாடையை வைத்து, "ரஞ்சிதம், வாய்தா பின்னயும் மாத்தியாச்சு. எனக்குத்தான் நேரம் ஆவுது" என்று ஆரம்பிப்பார். நான் தலையைக் குனிந்து நிற்பேன்.

போன ஞாயிறு சொல்லிவிட்டேன். "சார், அந்த நோட்டப் படம் எடுத்துக் குரூப்ல போட்டது நான்தான்."

அவர் திரும்பவில்லை. "தெரியும்லே. படத்துக்க ஓரத்துல உனக்க பெருவிரல் கெடக்கு. லேப் பர்னர்ல சுட்ட தழும்போட. மருந்து போட்டுவிட்டது நான்லா?"

"பின்ன ஏன் சார் ஒரு வார்த்தை கேக்கல்ல?"

"உனக்க ரெண்டு கோடு எனக்குத் தெரிஞ்ச பிழைதானே மக்கா. அன்னைக்கே கழிச்சாச்சு. ஸ்டூல ஆட்டாதே, ரஞ்சிதம் பயப்படுவா."

இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இதுவரை எழுதியதில் எல்லாவற்றிலும் என் வழக்கமான இரண்டு கோட்டைக் கழித்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்டூலை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பதில் மட்டும் எதையும் கழிக்க வேண்டாம்.