திரும்பப் பெறப்பட்டது

ஒரு காட்டில், அரசு மருத்துவமனையின் பின்பக்கம், பிணவறைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, ஒரு மருத்துவ நூலகம் இருந்தது. அதன் நூலகர் ஏகாம்பரம் என்ற அழுங்கு, எறும்புதின்னி இனம். உடம்பெல்லாம் செதில் இருந்தும், யாராவது குரலை உயர்த்தினால் பந்தாகச் சுருண்டுகொள்வார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஒருத்தராவது வந்து ஏதாவது எடுத்துப் படிக்கணும், ஏகாம்பரம். இல்லேன்னா அந்த ரூமை ஜூஸ் கடைக்கு விட்டுருவேன்" என்று சொல்லியிருந்தார் கண்காணிப்பாளர் காட்டெருமை.

திங்களன்று மருத்துவ நூலகர்களுக்கான தொழில் செய்தி மடல் வந்தது. 'வயிற்றுவலிக்கு நீலக்கொடிச் சாறு' என்ற கட்டுரை தவறானது என்று, அதை வெளியிட்ட ஆய்விதழே விலக்கிக்கொண்டதாம். சாறு குடித்தவர்களுக்கு வால் உதிர்கிறதாம். இப்படிப்பட்ட கட்டுரைக்கென்று நூலகர் சங்கம் ஒரு சொல்லை வகுத்திருந்தது. ஏகாம்பரம் அதையே அறிவிப்புப் பலகையில் எழுதினார், கட்டுரையின் நெற்றியிலும் சிவப்பில் குத்தினார்: 'திரும்பப் பெறப்பட்டது.'

மறுநாள் காலை கரடி டாக்டர் வந்து நின்றார். பதினாறு வருடத்தில் முதல் முறை.

"நீலக்கொடிக் கட்டுரை திரும்பி வந்துருச்சாமே. குடுங்க."

"டாக்டர், அது திரும்பப் பெறப்பட்டது."

"அதான்யா நானும் சொல்றேன். வேற யாராவது எடுக்கறதுக்குள்ள குடுங்க."

ஏகாம்பரத்துக்குப் புரிந்துவிட்டது. இரவல் போனது திரும்பி வந்திருக்கிறது என்று கரடி பலகையைப் படித்திருக்கிறார். விளக்க வாயைத் திறந்தார். ஜூஸ் கடை கண்முன் வந்தது. முத்திரையைப் பார்த்தால் தெரிந்துகொள்ள மாட்டாரா என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அதை நம்பினாரா என்பது அவருக்கே தெரியாது. எடுத்துக் கொடுத்தார்.

"சீலெல்லாம் வச்சிருக்கீங்க, பரவாயில்லையே" என்றார் கரடி.

வியாழக்கிழமை நூலக வாசலில் வரிசை நின்றது. டாக்டர்கள் எல்லோருக்கும் அதே கட்டுரைதான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஓர் அணில் வந்தது. கையில் காகிதப் பொட்டலம்.

"சார், இதை எந்தக் கவுண்டர்ல குடுக்கணும்?"

"என்னம்மா அது?"

"என் வாலு. சாறு குடிச்சேன், வயித்துவலி அப்படியே இருக்கு."

ஏகாம்பரம் அன்று மாலைவரை சுருண்டே கிடந்தார். சுருளுக்குள் அவருடைய வாலே அவர் முகத்தில் இடித்தது. பிறகு எழுந்து, அறை போனால் போகட்டும் என்று, பலகையில் ஒரு திருத்தம் ஒட்டினார்: 'அந்தக் கட்டுரை தவறு. சாறு கொடுக்காதீர்கள். வால் உதிரும்.'

ஒருவரும் படிக்கவில்லை. கரடி டாக்டரிடம் நேரில் சொல்லிப் பார்த்தார்.

"நானே குடிச்சுப் பார்த்தேன்யா. ஒண்ணும் ஆகலை" என்றார் கரடி.

ஏகாம்பரம் அவருடைய பின்பக்கத்தைப் பார்த்தார். இருந்து உதிர்ந்ததா, முதலிலிருந்தே இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

திருத்தத்தைக் கடைசியில் படித்தவர் காட்டெருமை ஒருவர்தான்.

"ஆஸ்பத்திரி பேரைக் கெடுக்கவா சம்பளம் வாங்குறீர்? இந்தத் திருத்தத்தை உடனே வாபஸ் வாங்கும்."

ஏகாம்பரம் சுருளவில்லை. திருத்தத்தைக் கிழித்தெடுத்து அலமாரியில் வைத்தார். பலகையில் சங்கம் வகுத்த சொல்லில் முறைப்படி எழுதினார்: 'திருத்தம் திரும்பப் பெறப்பட்டது.'

மறுநாள் நூலகம் திறக்கும் முன்பே கரடி டாக்டர் வரிசையில் முதலில் நின்றார். பின்னால் முப்பது பேர்.

"திருத்தம்னு ஒண்ணு வந்திருக்காமே. முதல்ல எனக்கு."

வாங்கி, நின்றபடியே படித்தார். ஒரு கை மெல்லப் பின்னால் போய்த் தடவிப் பார்த்தது.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாய்யா?" என்றார்.

அன்றே சாறு நின்றது. அதற்குள் நாற்பத்தொரு வால்கள் போயிருந்தன. வாசகர் வரிசையைப் பார்த்து மகிழ்ந்த காட்டெருமை, நூலகத்துக்குப் பக்கத்து அறையையும் சேர்த்துக் கொடுத்தார். உதிர்ந்த வால்கள் இப்போது அங்கேதான் அகர வரிசையில் இருக்கின்றன.

நீதி: மருத்துவர்கள் உண்மையைப் படிக்க வேண்டுமானால், முதலில் அதைத் திரும்பப் பெற்றுவிட வேண்டும்.