ஆட்டுக்குத் தீர்ப்புச் சொன்ன காட்டு ஜட்ஜு

ஆட்டைக் கைது செய்து, விசாரித்து, தீர்ப்புச் சொன்ன ஒரே மனுஷர் இந்தப் பூலோகத்திலேயே எங்கள் காட்டு ஜட்ஜுதான். வெள்ளைக்காரன் காலம். அண்ணனூர்ப் பக்கத்துச் சர்க்கார் காட்டுக்கு அவர் காவல். காக்கி நிஜார், கிழிந்த தொப்பி. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

"இன்னாடா, அந்தத் தழை உங்கப்பன் ஊட்டு சொத்தா?" என்று கிடாவைக் கேட்பார். அது கத்தினால், "ஒத்துக்கினான்!" என்று பட்டியில் அடைப்பார்.

சுள்ளி பொறுக்கும் பெண்களையும் விடமாட்டார். காய்ந்ததென்றால் விடுதலை. பச்சையை ஒடித்தால் அந்த மரத்திடமே மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆண்குரல் கேட்டாலே கதவுக்குப் பின்னால் ஒளியும் நான், ஒரு நாவல் மரத்தின் முன்னால் கைகட்டி நின்றேன்.

"சத்தமா சொல்லும்மா, மரத்துக்குக் கேக்கல!"

உலகச் சண்டை வந்தது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிய நேரம். காட்டை வெட்டிக் கரியாக்கப் பட்டணத்துக் கான்ட்ராக்டர் ஒருவர் உத்தரவோடு வந்தார். காக்கச் சொன்னதும் சர்க்கார், வெட்டச் சொன்னதும் சர்க்கார்! ஐப்பசி வரைக்கும்தான் உத்தரவு. அதற்குள் வெட்டாத மரம் பிழைக்கும்.

வெட்டும் ஆட்கள் எங்கள் வீட்டு ஆண்கள். என் வீட்டுக்காரர்தான் மேஸ்திரி. ஜட்ஜு தொப்பியைக் கழற்றிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார்.

"தாயிங்களா, காடு பூட்ச்சின்னா சுள்ளி ஏது, ஆட்டுக்குத் தழை ஏது? நான் யாரைப் புடிப்பேன்?" என்று அழுதே விட்டார்.

பெண்டாட்டி மாசமாக இருந்தால் புருஷன் மரத்தில் கோடரி போடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாள் தெருவே வாந்தி எடுத்தது.

காட்டில் ஒவ்வொருவராகக் கோடரியைக் கீழே வைத்தார்கள். "எம் பொஞ்சாதி முழுகாம கீறா, சாமி."

பல்லில்லாத ஒரு கிழவரும் வைத்தார். கான்ட்ராக்டருக்குத் தாங்கவில்லை. "யோவ், உன் பொஞ்சாதிக்கு வயசு இன்னாய்யா?"

"கெயவிதான். கடவுளு குடுத்தா வேணாம்னா சொல்ல முடியும்?"

மேஸ்திரி வெட்டினால் மற்றவர்களும் வெட்டுவார்கள் என்று கான்ட்ராக்டர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். "மேஸ்திரி, உன் ஊட்ல ஒண்ணும் இல்லியே?"

வீட்டுக்காரர் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"நானும் முழுகாமதான் கீறேன்!" என்றேன், கதவுக்குப் பின்னாலிருந்து. தெருக்கோடிக்குக் கேட்டதாம். மரத்திடம் பேசிப் பழகின குரலாயிற்றே!

கான்ட்ராக்டர் ஆவடி, பூந்தமல்லியெல்லாம் ஆள் தேடி அலைந்தார். இருந்த ஆளெல்லாம் பட்டாளத்துக் கொட்டகை கட்டப் போய்விட்டது. மழை பிடித்தது. வண்டிகள் அச்சுவரை புதைந்தன. உத்தரவும் முடிந்தது. ஒரு மரம் விழவில்லை!

ஜட்ஜு பட்டியைத் திறந்துவிட்டார். "அல்லாருக்கும் விடுதலைடா!" ஆடுகள் நேரே காட்டுக்குள் பாய்ந்தன. அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தனை பேரில் என் வாந்தி மட்டும் நிஜமாகிப் போனது. பிள்ளை பிறந்து, வாசலில் வேப்பிலை செருகியிருந்தோம். ஜட்ஜு வந்தார். கொத்தையே முறைத்தார்.

"யாரு ஒடைச்சது?"

அவர் மெல்லத் தொப்பிக்குள்ளிருந்து இன்னொரு பச்சைக் கொத்தை எடுத்தார்.

"நானுந்தாம்மா ஒடைச்சிட்டேன். கொயந்தைக்கு. மரத்தாண்ட மன்னிப்புக் கேட்டுகினுதான் வந்தேன்."

அவர் ஆயுசில் ஒடித்த ஒரே கொத்து அதுதான். சருகாகி உதிரும் வரைக்கும் நான் அதை வாசலைவிட்டு எடுக்கவில்லை.