கடைசி வார்த்தையிலிருந்து படிப்பவன்

“மூணாம் மாடிக்காரர் ஆஸ்பத்திரியிலயா வேலை பாக்குறாரு? போன்ல எப்பப் பார்த்தாலும் ‘ப்ளீட் மூணு மில்லி போதும், தலை வெட்டுப்படாம பாத்துக்கங்க’ன்னு சொல்லிட்டே போறாரு. கேட்டாலே பயமா இருக்கு.”

லிஃப்ட் ஓடவில்லை. படியேறிக்கொண்டிருந்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்துக்குக் கீழே இது காதில் விழுந்தது. பேசியவர் இரண்டாம் மாடி டியூஷன் டீச்சர். மூன்றாம் மாடிக்காரர் நான்தான்.

பதில் சொன்னது என் மனைவி.

“ஆஸ்பத்திரி இல்லக்கா, பிரஸ்ஸு. அங்க கம்ப்யூட்டர்ல கலர் பாத்துட்டு உக்காந்திருப்பாரு.”

கலர் பார்த்துக்கொண்டு! பதினாறு வருடமாக ப்ரீபிரஸ் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு புத்தகம் இயந்திரத்தில் ஏறுவதற்கு முன்னால் அதற்கு என்னவெல்லாம் செய்ய வேண்டுமோ, அவ்வளவும் என் வேலை. கட்டிய மனைவிக்கே அது தெரியவில்லை. அந்த இடத்திலேயே, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டே ஒரு தீர்மானம் எடுத்தேன். இவளுக்கு என் தொழிலை ஆனா ஆவன்னாவிலிருந்து சொல்லிக் கொடுப்பது.

அன்றைக்கே ஆரம்பித்திருப்பேன். வாசலில் பல் டாக்டர் நின்றிருந்தார். கீழ்த்தளத்தில் இருப்பவர், எங்கள் கட்டடத்தின் செயலாளர். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு நம் பதிலைக் கேட்பவர்.

“சார், சனிக்கிழமையோட நான் விலகறேன். அடுத்த செகரட்டரி நீங்கதான்னு போட்டுடவா?”

“டாக்டர், ஆறு நாள் பிரஸ். மிச்சம் ஒரே ஒரு ஞாயிறு. அன்னைக்குத் தூங்கலைன்னா திங்கக்கிழமை எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியும்.”

அவர் பெருமூச்சோடு இறங்கிப் போனார். நான்காவது தடவை தப்பித்தேன்.

“எடுத்துக்கிட்டா என்னவாம்?” என்றாள் மனைவி. “மோட்டார் ரூம் சாவியை ‘ரெண்டு நாள் வெச்சிருங்கம்மா’ன்னு குடுத்தாரு. ஒன்பது மாசம் ஆச்சு. தினம் அஞ்சரை மணிக்குப் பெல்லு. தண்ணி வரல, லைட் எரியல, லிஃப்ட் நின்னுபோச்சு. எந்திரிக்கிறது யாரு?”

“நீதான். நீ நல்லவ. அதான் எல்லாரும் உன்கிட்ட வராங்க.”

அவள் மோட்டார் ரூம் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தப்பைக் கண்டுபிடிப்பதில் பதினாறு வருட அனுபவம் இருந்து என்ன பயன்?

மறுநாள் மாலை பாடம் தொடங்கியது. சாப்பாட்டு மேஜைமேல் ஒரு பெரிய தாளை விரித்தேன்.

“இது ப்ளீட். படத்தைத் தாளோட விளிம்பு வரைக்கும் மட்டும் வெச்சா, கத்தி துளி விலகினாலும் ஓரத்துல வெள்ளைக்கோடு விழுந்துடும். அதனால சுத்திலும் மூணு மில்லிமீட்டர் கூடுதலா விடணும். அப்புறம் வெட்டணும்.”

“துணியில தையலுக்குன்னு விட்டு வெட்டுவோமே, அது. இதுக்கா பதினாறு வருஷம்?”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். “அடுத்தது ரெஜிஸ்ட்ரேஷன். அச்சுல மொத்தம் நாலே நிறம். நீலம், ரோஜா, மஞ்சள், கறுப்பு. நாலும் தனித்தனியா வந்து ஒரே இடத்துல சரியா உக்காரணும். ஒண்ணு விலகினாலும் மூஞ்சி ரெண்டாத் தெரியும்.”

“நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேஜை மாதிரி. நாலு பேரும் ஒண்ணா உக்காந்து நான் பார்த்ததே இல்ல. எப்பவும் ஒரு நிறம் பிரஸ்லயே இருக்கும்.”

எங்கள் பிள்ளைகள் இருவரும் உள்ளறையில் சிரிப்பது கேட்டது.

“ஓவர்பிரின்ட்னா, ஒரு நிறத்துக்கு மேலேயே இன்னொண்ணை…”

“நான் பேசும்போது நீங்க பேசறது.”

“நாக்அவுட்னா, மேல வர்ற எழுத்துக்காக, கீழ இருக்கிற நிறத்துல அந்த இடத்தை மட்டும் காலியா…”

“நான் பேசும்போது உங்க மூளை இருக்கிற மாதிரி. புரியுது, மேல சொல்லுங்க.”

“ரெசல்யூஷன். அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி இருக்கணும். போன்ல பளிச்சுனு தெரியற படம் அச்சுல பெருசாகும்போது கட்டம் கட்டமா உடைஞ்சுடும்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “ஆமாமா. கல்யாணத்துக்கு முன்னாடி தூரத்துல நின்னப்போ நீங்களும் பளிச்சுனுதான் தெரிஞ்சீங்க.”

நான்கு நாள் இப்படியே போனது. சொல்லிக் கொடுத்தது நான், களைத்துப் போனதும் நான். வெள்ளிக்கிழமை, எங்கள் தொழிலின் உச்சத்துக்கு வந்தேன்.

“இதுதான் ப்ரூஃப். அச்சுக்கு முன்னாடி எடுக்கிற மாதிரித் தாள். இதைச் சாதாரண ஆளுங்க மாதிரி படிக்கக் கூடாது. அர்த்தம் புரிஞ்சா, கண்ணு வழுக்கிட்டுப் போயிடும், தப்பு தெரியாது. அதனால கடைசி வார்த்தையிலிருந்து முதல் வார்த்தை வரைக்கும் தலைகீழாப் படிச்சுட்டு வரணும். நான் அப்படித்தான்.”

“அப்போ, அதுல என்ன எழுதியிருக்குன்னே உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியக் கூடாது! அதுதான் வித்தை.”

“ஓகோ. ஐந்நூறு பக்கத்துக்குச் சமையல் புத்தகம் போட்டுட்டு வெந்நீர் வைக்கத் தெரியாம நிக்கிறீங்களேன்னு எத்தனையோ நாள் யோசிச்சிருக்கேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “படிச்சு முடிச்சப்புறம்?”

“‘சரி, அச்சிடலாம்’னு எழுதிக் கையெழுத்து. அதோட கதை முடிஞ்சது. அப்புறம் என்ன தப்பு இருந்தாலும் கையெழுத்து போட்டவர் பொறுப்பு. ‘கவனிக்கல’ங்கிற பேச்சே கிடையாது.”

“யாரா இருந்தாலுமா?”

“கடவுளே வந்து போட்டாலும் சரி.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஒரு மாணவியின் கண்ணில் அவ்வளவு வெளிச்சத்தைப் பார்ப்பது எந்த ஆசிரியனுக்கும் பெருமைதான்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்து நாற்காலியில் விழுந்தேன். அவள் ஒரு தாளை நீட்டினாள்.

“நீங்க சொல்லிக் குடுத்ததை வெச்சு நானே ஒரு பக்கம் பண்ணிப் பார்த்தேன். திருத்திக் குடுங்க. சும்மா பாக்காதீங்க, நிஜ ப்ரூஃப் மாதிரி பாக்கணும்.”

அலுப்பு பறந்தது. சிவப்புப் பேனாவை எடுத்தேன். அடிக்கோலை வைத்தேன். கடைசி வரியின் கடைசி வார்த்தையிலிருந்து ஆரம்பித்தேன்.

“உட்பட… ஞாயிறு… அடிக்கலாம்… மணியை… வீட்டு… என்…”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“விளகு! ஒற்று எங்கே? மோட்டர்! துணைக்கால் எங்கே?” இடப்பக்க மார்ஜின் ஐந்து மில்லிமீட்டர்தான் இருந்தது. ஓரிடத்தில் இரட்டை இடைவெளி. ஒரு வார்த்தை வேறு எழுத்துருவில். மொத்தம் ஐந்து தப்பு. வட்டமிட்டு, கோடிழுத்து, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

“அடேயப்பா, எதுவுமே தப்பாதா உங்க கண்ணுக்கு?” என்றாள்.

வீட்டுப் பிரின்டரிலேயே திருத்தி எடுத்து வந்தாள். ஐந்து இடங்களையும் மட்டும் சரிபார்த்தேன். முறைப்படி, ‘சரி, அச்சிடலாம்’ என்று கீழே எழுதினேன். கையெழுத்து, தேதி.

“பொறுப்பு உங்களோடதுதானே?”

“பின்னே?”

சாப்பிட்டு முடிப்பதற்குள் கீழேயிருந்து கைதட்டல் கேட்டது. இறங்கிப் போனேன். லிஃப்ட் கதவருகே ஒரு சின்னக் கூட்டம். அறிவிப்புப் பலகையில் என் தாள். பதினாறு வருடத்தில் முதல்முறையாக ஒரு ப்ரூஃபை முன்னாலிருந்து படித்தேன்.

‘மூன்றாம் மாடியில் வசிக்கும் நான், நாளை முதல் ஓராண்டுக்கு நமது கட்டடத்தின் செயலாளர் பொறுப்பை மனமுவந்து ஏற்கிறேன். தண்ணீர் மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு என எந்தப் புகாருக்கும் விடியற்காலையிலும் என் வீட்டு மணியை அடிக்கலாம், ஞாயிறு உட்பட.’

கீழே: ‘சரி, அச்சிடலாம்.’ என் கையெழுத்து.

“அஞ்சு தப்பையும் கண்டுபிடிச்சிட்டீங்களாமே, சார்!” என்றார் டியூஷன் டீச்சர். “நான்தான் யோசிச்சு யோசிச்சுப் போட்டுக் குடுத்தேன்.”

பல் டாக்டர் என் கையைப் பிடித்து, விரல்களை விரித்து, லிஃப்ட் அறைச் சாவியை வைத்து, மறுபடி மூடினார். “வலிக்காது சார்.”

மூன்று மாடியும் ஏறி வந்தேன்.

“நான் அதைப் படிக்கவே இல்லைம்மா!”

“தெரியும். கடவுளே வந்து போட்டாலும்னு சொன்னது யாரு?” மோட்டார் ரூம் சாவியை ஆணியிலிருந்து கழற்றி, என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரை. வாசல் மணி அடித்தது. கதவுக்கு வெளியே யாரோ, “சார், குழாயில காத்துதான் வருது!” என்றார்கள். நான் மனைவியைப் பார்த்தேன். மணி மறுபடி அடித்தது.

அவள் கண்ணைத் திறக்காமலே போர்வையை இழுத்து, சுற்றிலும் கொஞ்சம் கூடுதலாக விட்டு, தலையோடு போர்த்திக்கொண்டாள்.