தோற்கருவி வரிசையில் நின்ற உடும்பு

ஒரு காட்டில் மழை பெய்து வெகுநாள் ஆகியிருந்தது. குளம் குட்டை எல்லாம் வறண்டு, சிங்கராஜாவின் குகைக்கு முன்னால் இருந்த ஒரே ஒரு சுனையில்தான் தண்ணீர் மிச்சம். இப்படிப்பட்ட நேரத்தில் ராஜாக்கள் கிணறு வெட்டுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் ராஜாக்களைப் பார்த்ததில்லை போலும். சிங்கராஜா இசைவிழா நடத்த முடிவு செய்தார். பக்கத்துக் காட்டில் போன வருஷம் நடத்திவிட்டார்களாம்.

விழாவுக்கு நரிதான் செயலாளர். இதைச் சொல்லவே வேண்டியதில்லை. அது போட்ட முதல் உத்தரவு: சுனைத் தண்ணீர் இனிமேல் கலைஞர்களுக்கு மட்டும்.

மறுநாள் காலையில் காடே கலைஞர் ஆகிவிட்டது. பிறந்ததிலிருந்து வாய் திறக்காத ஆமைகூட மரத்தடியில் உட்கார்ந்து சாதகம் பண்ணியது. இத்தனை கலைஞர்களுக்குத் தண்ணீர் காணாதே என்று நரி தலையைச் சொறிந்தது. கடைசியில் புலவர் ஆந்தையாரைக் கூட்டிவந்தது. ஆந்தையாருக்குப் பழைய இசை நூல்கள் எல்லாம் மனப்பாடம். பகலில் கண் தெரியாததால், படித்ததைத் தவிர வேறு எதையும் பார்க்கவேண்டிய தொல்லை அவருக்கு இல்லை.

"கருவிகள் அஞ்சு வகை," என்றார் ஆந்தையார். "தோல் போர்த்தினது தோற்கருவி. ஊதுறது துளைக்கருவி. நரம்பு கட்டினது நரம்புக்கருவி. வெண்கலத்துல வார்த்தது கஞ்சக்கருவி. அஞ்சாவது மிடறு, அதாவது தொண்டை. எது எதனால ஆனதோ அதுதான் அதோட வகை. எந்த வகையிலயும் சேராதது கலையே இல்லை."

"தொண்டை மகாராஜாவுக்கு," என்றது நரி உடனே. "வாய்ப்பாட்டு அவர் ஒருத்தர்தான். மத்தவங்க நாலு வரிசையா நில்லுங்க."

குயில் அழுதுகொண்டே வெளியேறியது. மரங்கொத்தி முன்னால் வந்து, தான் மரத்தில் தாளம் போடுவதாகச் சொன்னது. "மரம்னு ஒரு வகையே கிடையாது, போ," என்றார் ஆந்தையார். அது கோபித்துக்கொண்டு மழை பெய்கிற வேறு காட்டுக்குப் பறந்துபோயிற்று. இந்தக் கதையில் கொடுத்துவைத்தது அது ஒன்றுதான்.

கஞ்சக்கருவி வரிசையில் ஓர் எருமை நின்றது. ஊரிலிருந்து கழுத்து மணியோடு ஓடிவந்த எருமை. ஆந்தையார் மணியைத் தட்டிக் கேட்டுவிட்டு, "மணிக்கு இடம் உண்டு," என்றார்.

"அப்ப எனக்கு?"

"நீ வெண்கலமா?"

எருமை தன்னை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, இல்லை என்று ஒப்புக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் அந்த மணியைச் சுனையில் முக்கி எடுத்தார்கள். எருமை நாக்கு வறளக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதே எல்லோரும் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் தாகத்தில் இருப்பவர்களுக்கு எங்கே புத்தி வேலை செய்கிறது?

தோற்கருவி வரிசையில் நின்ற உடும்பு மட்டும் உண்மையான கலைஞர். பட்டுப்போன பனைமரத்தின் மேல் படுத்துக்கொண்டு வாலால் அது தாளம் போட்டால், கீழே போகிற எறும்புகள் நடையை மாற்றிக்கொள்ளும். ஆனால் மரங்கொத்திக்கு நேர்ந்ததை அது பார்த்துவிட்டது. அதனால் தன் முறை வந்ததும் மரத்தைப் பற்றி மூச்சே விடவில்லை.

"வாலால தட்டுவேன் ஐயா. வால் முழுக்கத் தோல்தானே?"

ஆந்தையார் இறக்கையை நீட்டி அதன் முதுகைத் தடவினார். அவருடைய குரலே மாறிப்போயிற்று. "உடும்புத் தோலா! கஞ்சிராவுக்கு இதைவிட உசத்தி எந்த நூல்லயும் சொல்லலை அம்மா. என்ன பதம், என்ன வழவழப்பு!"

உடும்பை அதுவரை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. அதற்குக் கண் கலங்கிவிட்டது. பாராட்டு தன் தாளத்துக்குத்தான் என்று அது நினைத்தது. பாவம்.

அடுத்து நின்றது அதன் சிநேகிதி வெள்ளாடு. ஆட்டுக்குத் தாளமும் தெரியாது, ராகமும் தெரியாது. ஆனால் ஆந்தையார் அதை முன்னும் பின்னும் தடவிவிட்டு, தோலும் சேரும், குடலை முறுக்கினால் நரம்பும் சேரும் என்று தீர்ப்புச் சொன்னார். ஆடு துள்ளிக் குதித்து ஓடிவந்தது.

"அக்கா, எனக்கு ரெண்டு பிரிவுலயும் இடம் கெடச்சிருச்சு! யானைக்கே துளை ஒண்ணுதான் குடுத்தாங்க!"

உடும்புக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. விழா நாள்வரை இரண்டும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தன. இரண்டு பிரிவு ஆனதால் ஆடு இரண்டு தடவை குடித்தது.

விழா அன்று சிங்கராஜா முதலில் தானே பாடினார். எல்லோரும் தலையாட்டினார்கள், தலை வேண்டும் அல்லவா? பாடிய களைப்பில் ராஜா கண்ணயர, நரி மேடை ஓரத்தில் நின்று கூப்பிட்டது.

"அடுத்து கஞ்சிரா!"

உடும்பு வாலைச் சுழற்றிக்கொண்டு மேடை ஏறியது. அங்கே அதன் பனைமரம் இல்லை. ஒரு பலாமர வளையம் கிடந்தது. பக்கத்தில் ஒரு சட்டியில் பசை. அதற்கும் பக்கத்தில் ஒரு நண்டு தன் கொடுக்கைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தது.

"என் மரம் எங்க?"

"மரம் எதுக்கு உடும்பம்மா? வளையம் இருக்கு, தோல் வந்தாச்சு. நேரமாகுது, படுங்க," என்றது நரி.

"நான் தோல் இல்லைங்க. நான் வாசிக்கிறவ!"

"வாசிக்கிறவங்களுக்கு நூல்ல வகையே கிடையாது அம்மா," என்றார் ஆந்தையார் பொறுமையாக. "வகை எல்லாம் கருவிக்குத்தான்."

நண்டு நிமிர்ந்தது. நரி உடும்பைத் தள்ளக் கையை நீட்டியது. உடும்பு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டது. உடும்புக்குத் தெரிந்த இன்னொரு வித்தை அது.

நரி ஊளையிட்டது. "ஐயோ! உடும்பும் வேணாம், ஒண்ணும் வேணாம், கைய விட்டாப் போதும்!" நம் ஊரில் இன்றைக்கும் எதிலாவது மாட்டிக்கொண்டவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். உடும்பு பிடியை இறுக்கியது. ஊளை இன்னும் மேலே ஏறியது. சிங்கராஜா திடுக்கிட்டு விழித்தார்.

"ஆகா! எவ்வளவு மேலே போகிறது! என்ன வாத்தியம் இது?"

உடும்பு ஒரு கணம் யோசித்தது.

"நரி வாத்தியம், மகாராஜா."

"வாசிப்பது யார்?"

"நான்தான்."

ராஜா ஆந்தையாரைப் பார்த்தார். ஆந்தையார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தோல் உண்டு, துளை உண்டு, நரம்பும் உண்டு. கலப்புக் கருவி, மகாராஜா. நூல்ல அடிக்குறிப்பா வருது."

பிறகு உடும்பு வாசித்தது. இறுக்கினால் மேல் ஸ்தாயி, தளர்த்தினால் கீழ் ஸ்தாயி. வாலால் மேடையில் தாளம். நன்றாகவே வாசித்தது, பொய் சொல்லக்கூடாது. காடு கைதட்டியது. எருமைகூடத் தட்டியது.

"பிரமாதம்!" என்றார் ராஜா. "பக்கவாத்தியம் இல்லாமலா? மிருதங்கம் எங்கே?"

எல்லாத் தலைகளும் ஆட்டின் பக்கம் திரும்பின. ஆடு மேடைக்குக் கீழே நின்றது. நண்டைப் பார்த்துவிட்டிருந்தது. அதற்கு எல்லாம் புரிந்துபோயிற்று.

"அக்கா, வேணாம்னு சொல்லுக்கா. இப்ப நீ சொன்னா கேப்பாங்க."

இருவரும் ஒரே வரிசையில் நின்றவர்கள், ஒரே சுனையில் குடித்தவர்கள். மிருதங்கம் வேண்டாம் என்று சொல்ல உடும்பு வாயைத் திறந்தது. அப்போது பலாமர வளையம் கண்ணில் பட்டது. அது இன்னும் காலியாகத்தான் கிடந்தது. ராஜாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிருதங்கத்தை நல்லா சுருதி சேர்த்துக் கொண்டாங்க," என்றது உடும்பு, ஆட்டைப் பார்க்காமல்.

கச்சேரி விடியும்வரை நடந்தது. உடும்பு இப்போது அந்தக் காட்டின் ஆஸ்தான வித்வான். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நரியின் கையை அது விடுவதில்லை.

நீதி: கருவிகள் நான்கு வகையா ஐந்து வகையா என்று புலவர்கள் சண்டை போடட்டும். உங்களுக்கு இரண்டு வகை தெரிந்தால் போதும்: வாசிப்பவர், வாசிக்கப்படுபவர். யார் கையையாவது பிடித்துக்கொண்டிருக்கும்வரை நீங்கள் முதல் வகை.