மனைவியின் மூச்சை அளந்தவர்

2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஏழாம் நாள், திங்கட்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய தூறல் எட்டு மணிக்கு நின்றது. அதன்பின் மழையும் வரவில்லை, வெயிலும் வரவில்லை. வானம் முடிவெடுக்கத் தெரியாதவரைப் போல முகத்தை மூடிக்கொண்டிருந்தது. அந்த மந்தமான காலைப்பொழுதில், ஓய்வுபெற்ற எடையளவு ஆய்வாளர் ஒருவர், மூன்றாம் மாடியிலிருந்த தம் வீட்டின் சன்னலோர நாற்காலியில் சாய்ந்தபடி மாபெரும் தீர்மானம் ஒன்றைச் செய்தார். எங்கும் போவதில்லை என்பதே அத்தீர்மானம்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. போகப்போவதாக அவர் இருபத்தெட்டு ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார். கடை கடையாகச் சென்று தராசையும் படிக்கல்லையும் சோதித்த காலத்தில், முத்திரை குத்துகின்ற இடைவெளியிலெல்லாம் அவர் பேசியது ஒன்றே: ஓய்வு பெற்றதும் ஆறு மாதப் பயணம், ஓர் ஊரையும் விடுவதில்லை. அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்த அலுவலக நண்பர்கள், விடைபெறும் நாளில் அவரே உட்காரக்கூடிய அளவில் பெரிய பெட்டி ஒன்றைப் பரிசளித்தார்கள். பயணச்சீட்டும் எடுத்தாகிவிட்டது. ஏப்ரல் பதினொன்றில் புறப்பாடு.

ஆனால் ஓய்வு பெற்ற இரண்டே மாதத்தில் அவர் அந்த நாற்காலியைக் கண்டுபிடித்துவிட்டார். பதினொரு மணிக்குத் தேநீர், பன்னிரண்டுக்குச் செய்தித்தாள், ஒன்றரைக்குச் சாப்பாடு, இரண்டுக்குத் தூக்கம். இதைவிடப் பார்க்கத் தகுந்த ஊர் உலகில் எங்கே இருக்கிறது? எனினும், 'போக விருப்பமில்லை' என்று சொல்லிக்கொள்ள அவருடைய மானம் இடம் கொடுக்கவில்லை. போக முடியாமல் போக வேண்டும். அதற்குக் காரணம் தாமாக இருக்கக் கூடாது. அப்படியானால் மிச்சமிருப்பவர் ஒருவரே.

அவருடைய மனைவியார் தொலைபேசி இணைப்பகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவர். நூற்றுக்கணக்கான ஊர்களுக்கு இணைப்புக் கொடுத்தவர். அவற்றுள் ஓர் ஊரையும் கண்ணால் கண்டதில்லை. பயணத்திற்காக நடைக்காலணி வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். பிறர் பேச்சைக் கேட்டும் கேளாதவர்போல் இருப்பதில் அவர் தேர்ந்தவர் என்பதை ஆய்வாளர் அடிக்கடி மறந்துவிடுவார்.

பயணத்தை முன்னிட்டு இருவரும் முந்தின சனிக்கிழமையன்று உடற்பரிசோதனை செய்திருந்தனர். அந்தத் திங்கள் காலையில் மருத்துவரைப் பார்த்துவிட்டு மனைவியார் திரும்பி வந்தார்.

"என்னங்க, டாக்டரம்மா மூணு வாரம் கழிச்சு மறுபடி வரச் சொன்னாங்க. பயணம் போகலாமா வேண்டாமான்னு அப்பத்தான் சொல்வாங்களாம்."

ஆய்வாளரின் காதில் தேன் பாய்ந்தது. யாரை வரச் சொன்னார்கள் என்று அவர் கேட்கவில்லை. தம் உடம்பு முத்திரையிட்ட படிக்கல் என்பது அவருடைய நெடுநாளைய கருத்து.

"நான் அப்பவே நினைச்சேன். உனக்கு முழங்கால் வலிக்குதில்ல?"

"இல்லையே."

"வலிக்கும். நீ வெளியே காட்டிக்க மாட்டே. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"எந்த முழங்கால்ங்க?"

"அதை நீதான் சொல்லணும்."

மனைவியார் சற்று யோசித்தார். "இடதுன்னு வச்சுக்கலாமா?"

"பாத்தியா! மாடி ஏறும்போது மூச்சு வேற வாங்குது உனக்கு."

"அப்படியா? எனக்கே தெரியாமலா வாங்குது?"

"அதுக்குத்தான் நான் இருக்கேன். மூணு வாரமும் அளந்து எழுதறேன். டாக்டர் கையில ஆதாரத்தோட குடுப்போம். போக வேண்டாம்னு சொல்லிட்டா, நீ வருத்தப்படக் கூடாது. உனக்காக நான் எதையும் விட்டுக்கொடுப்பேன்."

"உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்றார் மனைவியார். பிறகு, துணி காயப்போட வேண்டுமென்று வாளியைத் தூக்கினார்.

எடையளவுத் துறையில் ஒரு விதி உண்டு. அளவை முடியும்வரை ஆய்வாளர் பொருளை விட்டு ஓரடியும் விலகலாகாது. அவ்விதியைப் பணிக்காலத்தில் ஒருநாளும் மீறாதவர் இப்போது மட்டும் மீறுவாரா? கீழ்வீட்டுக் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் ஒரு நிறுத்துக் கடிகாரத்தை இரவல் வாங்கினார். நோட்டுப் புத்தகத்தில் கட்டங்கள் போட்டார். படி, நேரம், நின்ற தடவை, மூச்சிரைப்பு. மனைவியார் மொட்டைமாடிக்கு ஏறினால் இவரும் பின்னால் ஏறினார்; அவர் கீழே கடைக்கு இறங்கினால் இவரும் இறங்கினார்.

அந்த மூன்று வாரத்தில் மனைவியாருக்கு விசித்திரமான மறதி ஒன்று பிடித்துக்கொண்டது.

"ஐயோ, துணி கிளிப்பை மேலயே வச்சுட்டேன்."

ஏறினார்கள்.

"அடடா, உப்பு வாங்க மறந்துட்டேனே."

இறங்கினார்கள்.

"செடிக்குத் தண்ணி ஊத்தினேனா, இல்லையா? எதுக்கும் ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்."

"நாளைக்குப் பாத்துக்கலாமே," என்றார் ஆய்வாளர், சுவரைப் பிடித்துக்கொண்டு.

"நீங்க உக்காருங்க. நான் மட்டும் போறேன். ஒரு தடவை எழுதாட்டி என்ன குறைஞ்சுடப் போகுது?"

நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருப்பதா! ஆய்வாளர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஏறினார். பதினொரு மணித் தேநீர் பன்னிரண்டுக்கு வந்தது. அதில் சர்க்கரை இல்லை. கேட்டால், அதுவும் மறதி என்று பதில் கிடைத்தது.

முதல் வாரக் குறிப்புகள் பிரமாதமாக இருந்தன. 'மூச்சிரைப்பு: மிகக் கடுமை. நின்றது: ஒவ்வொரு திருப்பத்திலும்.' இரண்டாம் வாரம்: 'நடுத்தரம்.' மூன்றாம் வாரம் பிறந்ததும் ஆய்வாளருக்குக் கவலையும் பிறந்தது. 'மூச்சிரைப்பு: இல்லை.' இதென்ன அநியாயம்? நோயாளி தேறிக்கொண்டு வருகிறாரே!

நோட்டை எடுத்துக்கொண்டு கடிகாரக்காரரிடம் சென்றார். கடிகாரக்காரர் கண்ணில் பொருத்தியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே படித்தார்.

"அண்ணே, அண்ணி முன்னால போவாங்க, நீங்க பின்னால போவீங்க. அப்படித்தானே?"

"ஆமா. ஒரு படி இடைவெளி. அதுதான் முறை."

"அந்த இரைச்சல் முன்னாலிருந்து வந்துச்சா, பின்னாலிருந்து வந்துச்சா?"

"மாடிப்படியில எதிரொலி ஜாஸ்தி. அதையெல்லாம் எப்படிப் பிரிக்கிறது?"

"சரிதான். பேசாம அந்தக் கடைசி வாரத்தைக் கிழிச்சுடுங்களேன்."

ஆய்வாளர் வெகுண்டெழுந்தார். பணிக்காலம் முழுவதும் ஒரு குன்றிமணி எடையைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதியவரல்லர் அவர். முதல் வாரத்தின் கொடுமையைப் பார்த்தாவது மருத்துவர் மனமிரங்குவார் என்று நம்பி, நோட்டை உள்ளபடியே கொண்டுபோவதென முடிவு செய்தார்.

மார்ச் இருபத்தெட்டாம் நாள் இருவரும் மருத்துவமனைக்குச் சென்றனர். மருத்துவர் நோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. சட்டைக் கையை மடிங்க சார்."

"எனக்கெதுக்கு டாக்டர்? நோயாளி இவங்க."

"இவங்களுக்கு ஒண்ணுமே இல்லையே! உங்களுக்குத்தானே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அவ்வளவு இருந்துச்சு? மூணு வாரம் நல்லா நடக்க வைங்க, குறையலைன்னா பயணமே கூடாது, வீட்டோட இருக்கட்டும்னு அம்மாகிட்டச் சொல்லி அனுப்பினேனே."

"வீட்டோடவா?" என்று கேட்டார் ஆய்வாளர். பிரிந்துபோன உறவினரை விசாரிப்பது போலிருந்தது அந்தக் குரல்.

கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, மருத்துவர் அளவைப் பார்த்தார். காலையில் இருவருக்கும் எடுத்திருந்த ரத்தப் பரிசோதனைத் தாள்களில் அவருடையதையும் பார்த்தார்.

"அருமை! எல்லாம் இறங்கியிருக்கு. தாராளமாப் போயிட்டு வாங்க."

"இன்னொரு தடவை பாத்துடுங்களேன். கருவியில கோளாறு இருக்கலாம். எந்தத் தேதியில முத்திரை வச்சாங்க?"

இரண்டாம் முறை பார்த்தபோது இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது.

வெளியே வந்ததும் ஆய்வாளர் நடைபாதையில் நின்றுவிட்டார்.

"உடம்பு எனக்குத்தான் சரியில்லைன்னு ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே பெட்டியைப் பரண்மேல ஏத்தியிருப்பீங்க."

"எனக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகிடக் கூடாதுன்னுதானே மூணு வாரமும் உங்களை இழுத்துக்கிட்டு ஏறி இறங்கினேன்? நடங்க, நடங்கன்னு எட்டு வருஷமாக் கெஞ்சினேன். தெருமுனை வரைக்கும் வந்தீங்களா? என்னைக் கண்காணிக்கணும்னதும் பறந்து வந்தீங்க." மனைவியார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "வாங்க, நடந்தே போயிடலாம். இப்பத்தான் உங்களுக்கு மூச்சு வாங்கறதில்லையே."

ஆய்வாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த மூன்று வாரமும் ஒன்றும் செய்யாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தால் போதும். மருத்துவரே பயணத்தை நிறுத்தியிருப்பார். உட்காருவதற்காகவே பிறந்த மனிதர், உட்காரவேண்டிய ஒரே நேரத்தில் உட்காராமல் போய்விட்டார்.

பின்னர் நடந்தது வருமாறு. இருவரும் ஏப்ரல் பதினொன்றாம் நாள் காலை குறித்த வண்டியில் புறப்பட்டனர். முதல் மாதத்தில் ஒன்பது ஊர்களையும் இரண்டு கலங்கரை விளக்கங்களையும் பார்த்தனர். இரண்டு விளக்கங்களிலும் உச்சிவரை ஏறினர். ஆகஸ்டு மாதத்தில், தங்கியிருந்த ஊரின் மருத்துவர் ஒருவர் ஆய்வாளரைச் சோதித்துவிட்டு, இப்படியே தொடர்ந்து நடந்துவந்தால் மாத்திரையே தேவைப்படாது என்றார். திரும்பும் சீட்டை மனைவியார் அன்று மாலையே மாற்றினார். ஆறு மாதம் எட்டு மாதமாயிற்று. அலுவலக நண்பர்களுக்குப் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்று போயிற்று. 'உடல்நலத்தை முன்னிட்டுப் பயணத் திட்டத்தை மாற்றியிருக்கிறேன்' என்று அதில் எழுதியிருந்தது. கையொப்பம் மட்டும் ஆய்வாளருடையது.