லாண்டரியைப் படித்த மாடல்

அன்பும் அறிவும் அளவுக்கு மேலேயே வாய்க்கப்பெற்ற மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். நான் சொன்னால் மட்டும் உங்களுக்குப் போதாது என்று தெரியும்; ஆகவே தொண்ணூற்றைந்து சதவீத உறுதியோடு நலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கு நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று கணிக்கிறேன்.

நிற்க. போன வருடம் பத்து நாள் லீவில் வந்தவர் சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போயிருக்கலாம். நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். "மாமா, உங்க பில்டிங்ல கரண்ட் எங்க போகுதுன்னே யாருக்கும் தெரியல" என்றீர்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நானும் தலையாட்டித் தொலைத்தேன். ஊருக்குப் போய்க் கம்ப்யூட்டரில் ஒரு மாடல் செய்து அனுப்பினீர்கள். வெளியே எவ்வளவு சூடு என்று ஒரு சென்சார் சொல்லும். அதை வைத்து இன்றைக்கு இந்தக் கட்டடம் இத்தனை யூனிட் எரிக்கலாம் என்று மாடல் கணிக்கும். மீட்டர் அதற்கு மேலே போனால் லிஃப்ட் பக்கத்துத் திரை சிவக்கும், கீழே இருந்தால் பச்சை. முதல் மூன்று மாதம் அது கட்டடத்தைப் படிக்கும், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்றீர்கள். பரீட்சைக்குப் படித்த என் மகளைக்கூட இந்த வீட்டில் யாரும் அப்படிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டதில்லை.

படித்து முடித்தது. நாலாவது மாதம் முதல் தேதி திரை சிவந்தது. அன்றிலிருந்து தினமும் சிவப்புதான். எதிர்பார்த்ததைவிட நாற்பது சதவீதம் அதிகமாம். அதே ஆட்கள், அதே ஃபேன், அதே லிஃப்ட். உங்களுக்குப் போன் போட்டேன். "மாமா, மாடல் பொய் சொல்லாது. அதால விளக்க முடியாத மிச்சம்னா, யாரோ எடுக்கறாங்கன்னு அர்த்தம்" என்றீர்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், பக்கத்தில் சங்கத் தலைவர். எங்கள் வீட்டில் விளக்க முடியாதது எது நடந்தாலும் உங்கள் அத்தை என்னைத்தான் பார்ப்பாள். தலைவர் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார்.

அவரை உங்களுக்குத் தெரியும். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருப்பதால் டெஸ்டர் என்றே பெயர் நிலைத்துவிட்ட மனிதர். இங்கே இருபத்திரண்டு வருட வேலை; உங்கள் சென்சாரைச் சுவரில் மாட்டியதும் அவர்தான். படிக்கட்டுக்குக் கீழே ஒற்றை அறையில் அவரும், முட்டி வலியோடு அவர் மனைவியும். வேலை போனால் அந்த அறையும் போகும். உள்ளே ஒரு ஃபேன், ஒரு விளக்கு. அதை வைத்துக்கொண்டு முப்பது குடும்பத்துக் கரண்டை அவர் விழுங்குகிறாராம். வருகிற ஞாயிறு கூட்டத்தில் அவரை அனுப்பிவிடத் தீர்மானம்.

முப்பத்தாறு வருடம் ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். எதையும் எழுத்தில் கொடுத்து, தேதி போட்டு, ஸ்டாம்ப் அடிப்பவன். விசாரணையில் இறங்கினேன். சென்சார் பின்பக்கச் சுவரில் இருக்கிறது. பக்கத்து லாண்டரியின் சூட்டுக் காற்றுக் குழாய்க்கு ஒரு சாண் தூரம். ஊரே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தபோது நாற்பத்து நாலு டிகிரி என்று சாதித்திருக்கிறது. ஞாயிறு லாண்டரிக்கு லீவு, குழாய் ஆறிவிடும். நம் கீழ் மாடி ஆபீஸ்களுக்கும் அன்று பூட்டு, கரண்ட் குறையும். சூடு இருந்தால் இவர்கள் நிறைய எரிப்பார்கள், தணிந்தால் குறைப்பார்கள் என்று மாடல் மனப்பாடம் செய்துகொண்டது. நாலாவது மாதம் லாண்டரிக்காரர் கடையை அடுத்த தெருவுக்கு மாற்றிவிட்டார். இந்தக் குளிருக்கு எதற்கு இத்தனை யூனிட் என்று மாடல் அன்றிலிருந்து கோபித்துக்கொள்கிறது. ஆக, உங்கள் மாடல் மூன்று மாதமாக வானிலையைப் படிக்கவில்லை மாப்பிள்ளை. லாண்டரியைப் படித்தது. முதல் வகுப்பில் தேறியும்விட்டது.

தலைவரிடம் சொன்னேன். "லாண்டரி காலி பண்ணதுக்கும் நம்ம மீட்டருக்கும் என்னய்யா சம்பந்தம்? உங்க மாப்பிள்ளையே சொல்லிட்டாரு" என்கிறார். வேறு வழியில்லாமல் உங்கள் அத்தையின் ஹேர் டிரையரை எடுத்துக்கொண்டு, படிக்கட்டு ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, தினமும் காலையில் சென்சாருக்குத் தலை உலர்த்தினேன். பத்து மணிக்குள் திரை பச்சை. கரண்டைச் செலவழித்துக் கரண்டை மிச்சப்படுத்தும் விஞ்ஞானத்தை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். இதை இங்கே மாட்டச் சொன்னது யார் என்று, என் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்த டெஸ்டரைக் கேட்டேன். "மறந்து போச்சு சார்" என்றார். உங்களைத் தவிர வேறு யார் சொல்லியிருக்கப் போறாங்க மாப்பிள்ளை? போன்லதான் சொல்லியிருப்பீங்க. எழுத்துல குடுக்காம வாயால சொன்னா இந்த லட்சணம்தான். ரெண்டு நாள் நல்லாத்தான் போச்சு, மூணாம் நாள் டிரையர் புகைஞ்சு உசுரை விட்டுடுச்சு, திரை மறுபடியும் சிவந்துடுச்சு, உங்க அத்தை ஈரத் தலையோட என்னைப் பார்த்த பார்வையை எந்த மாடலாலயும் கணிக்க முடியாது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள், சென்சாரைத் தவறான இடத்தில் மாட்டச் சொன்னவன் நான்தான் என்று தலைவருக்கு எழுத்தில், கையெழுத்தோடு அனுப்பவும். தப்பு செஞ்சவங்க ஒத்துக்கிட்டா ஒரு மனுஷனுக்கு வீடு தப்பும். இதுல என்ன கௌரவம் பார்க்க வேண்டிக் கிடக்கு?

மகளுக்கு என் அன்பு. உங்கள் இருவர் வாழ்விலும் விளக்க முடியாத மிச்சம் எதுவும் சேராமல் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
செயலாளர், குடியிருப்போர் சங்கம்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் டெஸ்டரின் மனைவி முட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். "கிழிச்சுப் போடுன்னு அவர் குடுத்தாரு. எனக்கு மனசு வரல" என்று ஒரு சீட்டை நீட்டினார். "சென்சாரை முன்பக்கச் சுவரில் மாட்ட வேண்டாம். என் பால்கனிக்கு அசிங்கமாக இருக்கும். பின்பக்கம் மாட்டவும்." தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது, ஸ்டாம்ப் இருந்தது. எல்லாம் என்னுடையது. கீழே ஓடிப்போய், "ஏன்யா காட்டல?" என்றேன். "எனக்காக ஜன்னல்ல தொங்கினீங்க சார். அப்புறம் எப்படிக் காட்டறது" என்றார். ஞாயிறு கூட்டத்தில் அந்தச் சீட்டை நானே எழுந்து படிக்கப் போகிறேன். மேலே கேட்ட கடிதம் வேண்டாம்; ஒரு ஹேர் டிரையர் அனுப்பினால் போதும். உங்களிடம் மன்னிப்பைப் போனில் கேட்டுக்கொள்கிறேன். எழுத்தில் கொடுத்தால் நீங்களும் கிழிக்க மாட்டீர்கள்.